சேய்மை மீனும் சித்தாந்தமும்

சைவ நூல்களை முறையாகப் பயின்றுவரும் மாணவரொருவர் அண்மையில் எம்மிடம் போந்து மூன்று வினாக்களை நிகழ்த்தினர். மேலைநாட்டு விண்ணூலார் மிகச் சேய்மையிலுள்ள ஒரு விண்மீனைச் சூழ்ந்து ஏழு கோள்கள் இயங்குகின்றன எனக் கண்டனராகலின், அவை நம் நூல்கள் கூறும் மேலேழுலகங்கள் எனக் கோடல் கூடுமோ என்பது முதல் வினா. அவற்றுட் சில வளியின்றி வெறும்பாறையாய்க் கிடக்குமாயின், உலகம் உயிர்களின் பொருட்டே தோற்றுவிக்கப்பட்டது என்னும் கொள்கை என்னாம் என்பது இரண்டாம் வினா. அண்டங்கள் இத்துணைப் பலவாயின், அவற்றுள் ஒருசிறு மூலையில் வாழும் மக்கட்பிறவியை அரிதென்றலும், இறைவன் அப்பிறவியுடையானை நோக்கி அருளுவன் என்றலும் எங்ஙனம் பொருந்தும் என்பது மூன்றாம் வினா.

மூன்றாம் வினாவை வினவுங்கால் அவர் குரல் தாழ்ந்தது. முன்னிரண்டும் நூல்பற்றி எழுந்தன. பின்னது நெஞ்சுபற்றி எழுந்தது என யாம் உணர்ந்தாம். அன்று அவர்க்கு இறுத்த விடை சுருங்கியதாகலானும், இவ்வையம் அவரொருவர்க்கே உரியதன்றாகலானும், அதனை ஈண்டு விரித்தெழுதப் புகுந்தாம்.

முதற்கண் விண்ணூலார் கண்டது இன்னதென வரையறுத்துக் கோடல் வேண்டும். கண்டதனை அறியாது அதன்மேல் தருக்கம் நிகழ்த்துதல், சுவரின்றிச் சித்திரம் எழுதப் புகுவதை ஒக்கும்.

ஞாயிறல்லாத பிறிதொரு மீனைச் சுற்றும் கோள்கள் உளவென்பது பலகாலமாக ஊகமாகவே இருந்தது. 1995-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா நகரத்து அறிஞராகிய மிசேல் மேயர், திதியே கெலோ என்னும் இருவர், ஞாயிற்றை யொத்த ஒரு மீனுக்குக் கோளுண்மையை நிறுவினர். அதன்பொருட்டு அவர்க்கு 2019-ஆம் ஆண்டில் நோபெல் பரிசில் வழங்கப்பட்டது. அங்ஙனம் அறியப்பட்ட கோள்களின் தொகை 2022-ஆம் ஆண்டிலேயே ஐயாயிரத்தைக் கடந்தது.

மாணவர் குறித்த மீன் டிராப்பிஸ்ட்-1 எனப் பெயர் பெறும். பெல்ஜிய நாட்டு லியேழ்ப் பல்கலைக்கழகத்தார், தென்னமெரிக்கச் சிலி நாட்டிலுள்ள லா சில்லா மலைமேல் நிறுவிய சிறு தொலைநோக்கியின் பெயரே மீனுக்கும் ஆயிற்று. அப்பெயர் அந்நாட்டிற் பெயர்பெற்ற ஒரு துறவியர் கூட்டத்தாரை நினைவூட்டுவது. அத்தொலைநோக்கியின் ஆடி 60 செண்டிமீட்டர் அகலமே யுடையது. மீனோ கும்பராசிப் பகுதியில், நம்மிடத்தினின்றும் ஏறக்குறைய 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி ஆண்டு நாற்பது சென்றாலன்றி அவ்விடத்தினின்று ஈண்டு எய்தாது. செந்நிறத்ததாய், ஞாயிற்றின் நிறையில் 100-இல் 9 பங்களவினதாய், வெறுங்கண்ணுக்குச் சிறிதும் புலனாகாதாய் விளங்குவது அம்மீன். அதன் அகவை 760 கோடி ஆண்டளவினதென மதிப்பர். அம்மதிப்பு 220 கோடி ஆண்டு கூடினும் குறையினும் அமையும் என்றும் உடன் கூறுவர். நம் ஞாயிற்றின் அகவை 460 கோடி ஆண்டளவே.

2016-ஆம் ஆண்டில் மிக்காயேல் கில்லோன் என்பாரும் அவர் குழுவினரும் அம்மீனுக்குக் கோள்கள் மூன்றென வெளியிட்டனர். அவற்றுள் மூன்றாவதன் சுழற்சிக் காலம் அவர்க்கு உறுதிப்படவில்லை. பின்னர் ஸ்பிட்சர் என்னும் விண்வெளித் தொலைநோக்கியால் ஏறக்குறைய 500 மணிநேரம் இடையறாது நோக்கியபோது, மூன்றாவதென ஒன்றாக எண்ணியது ஒன்றன்று, வேறு வேறு கோள்களின் குறியே எனத் தெளிந்தனர். 2017-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் கோள்கள் ஏழெனத் திருத்தி வெளியிட்டனர்.

அவ்வேழும் அளவால் நம் நிலவுலகத்தை ஏறக்குறைய ஒப்பன. ஏழும் நம் புதன் ஞாயிற்றுக்கு அணித்தாய்ச் செல்லும் வட்டத்தினும் மிகக் குறுகிய வட்டங்களுள் அடங்கும். முதற்கோள் ஒன்றரை நாளில் மீனை ஒருமுறை வலம்வரும். ஏழாங்கோள் ஏறக்குறைய 19 நாளில் வரும். அவ்வியக்கங்கள் தம்முள் ஒரு தாளக்கணக்கில் அமைந்துள்ளன. முதற்கோள் 24 முறை சுற்றும் கால அளவில், ஏனையவை முறையே ஏறக்குறைய 15, 9, 6, 4, 3, 2 முறை சுற்றும். தமக்குரிய மீனுக்கு இத்துணை அணுகியிருத்தலின் அவை ஒருமுகமே அதனை நோக்க, மறுமுகம் என்றும் இருளில் கிடக்கும் எனக் கருதுவர்.

இனி, இக்கோள்களை எவரேனும் கண்டனரோ எனின், இல்லை. அவற்றுள் ஒன்றன் வடிவும் எக்கருவியின்கண்ணும் தோன்றிற்றன்று. கோள் தன் மீனுக்கும் நமக்கும் இடையே குறுக்கிடுங்கால் மீனின் ஒளி 100-இல் ஒரு பங்கினும் குறைவாக மங்குகின்றது. சிறிது பொழுதில் மீள நிரம்புகின்றது. அம்மங்கல் ஒத்த கால எல்லையில் மீண்டும் மீண்டும் நிகழ்தலால், மறைப்பதோர் பொருள் உண்டெனவும், அதன் அளவு இத்துணைத்தெனவும், வட்டம் இத்துணைத்தெனவும் துணிகின்றனர்.

இஃது அளவை நூலார்க்குப் புதியதோர் நெறியன்று. சிவஞான சித்தியார் அளவைப் பகுதியில் கருதலளவைக்குரிய ஏது இயல்பு, காரியம், அநுபலத்தி என மூன்றாக வகுக்கப்பட்டது. புகையாகிய காரியத்தால் நெருப்பாகிய காரணத்தைத் துணிதல் போல, மங்கலாகிய காரியத்தால் கோளாகிய காரணத்தைத் துணிதல் காரிய ஏதுவாம். குளிரின்மை பனியின்மையைக் காட்டுதல் அநுபலத்தி ஏது எனப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெப் என்னும் தொலைநோக்கியால் முதற்கோளின் வெப்பத்தை அளந்தபோது, அதன் பகற்பக்கம் ஏறக்குறைய 230 பாகை வெம்மையுடையதாயிருந்தது. வளிப்போர்வை உளதாயின் அது வெம்மையை இராப்பக்கத்திற்குப் பகிர்ந்து பகற்பக்கத்தைத் தணிவித்தல் வேண்டும். அத்தணிவு காணப்படாமையின் அக்கோளுக்குச் சொல்லத்தக்க வளியின்று எனத் துணிந்தனர். இஃது அநுபலத்தி ஏதுவின்பாற் படும். இரண்டாங்கோளுக்கும் செறிந்த கரியமிலவாயுப் போர்வையின்று என்பது அவ்வாண்டிலேயே அறியப்பட்டது.

இதனால், அந்நாட்டார் நம் நூலை நோக்கி இந்நெறியைக் கற்றனர் என்பதோ, நம் முன்னோர் இக்கோள்களை முன்னரே அறிந்திருந்தனர் என்பதோ எம் கருத்தன்று. உயிரின் அறிவு எந்நாட்டில் நிகழினும் அது செல்லும் வழி ஒன்றே என்பதே கருத்து. இவ்வளவில் முதல் வினாவிற்கு விடை தொடங்குகின்றது.

ஏழென்னும் எண்ணொப்புமை கொண்டு இக்கோள்களை மேலேழுலகம் என்றல் பொருந்தாது. என்னை? எண் ஒத்தவாற்றாற் பொருள் ஒன்றாமெனின், வாரத்து நாளும், இசையின் சுரமும், அவ்வேழுலகமும் ஒன்றேயாதல் வேண்டும். அன்றியும், நாளை அம்மீனுக்கு எட்டாங்கோள் ஒன்று புலப்படின், அவ்வாறு உரைத்தார் எட்டாவதோர் உலகத்தை நூலினுள் நுழைப்பரோ? இன்று வெற்றியெனக் கொண்டாடியது நாளை நூலுக்கே இழுக்காய் முடியும்.

இதனினும் ஆழ்ந்ததோர் காரணம் உண்டு. ஆகமங்கள் கூறும் புவனங்கள் 224. அவை நிவிர்த்தி கலையில் 108, பிரதிட்டையில் 56, வித்தையில் 27, சாந்தியில் 18, சாந்தியதீதையில் 15 என வகுக்கப்பட்டன. அவ்வகுப்புத் தத்துவங்களின் நுண்மை பற்றியதேயன்றி, காவதம் பற்றியதன்று. கருவியால் அளக்கப்படும் ஒரு மீன் எத்துணைச் சேய்மையதாயினும் ஒளியும் வெம்மையும் நிறையும் உடைய பூதப்பகுதியே. தத்துவ வரிசையில் அது நம் முற்றத்து மண்ணினும் ஒரு படியேனும் மேற்பட்டதன்று. சேய்மையை உயர்வென மயங்குதல் பலர்க்கும் இயல்பு. நாற்பது ஒளியாண்டன்று, நாற்பது கோடி ஒளியாண்டு சென்றாலும் அசுத்தமாயையின் எல்லையைக் கடந்தோமில்லை; இருந்தவிடத்தே இருந்து குருவருளாற் கடந்தாரும் உளர்.

திருவாசகத்துத் திருவண்டப்பகுதியில் அண்டங்கள் எண்ணிறந்து விரிந்தன என்பதும், அவை இறைவன் பெருமை முன்னர், இல்லினுள் நுழையும் கதிரிற் றோன்றும் நுண்டுகளை ஒக்கும் என்பதும் கூறப்பட்டன. ஆண்டும் அடிகள் கருத்து அண்டங்களை எண்ணுதலன்று. அண்டங்களைத் துகளாக்கிய பெரியோனைப் போற்றுதலே. அதனை விண்ணூலாக்கி, நாமே முன்னறிந்தோம் எனத் தருக்குவார், அடிகள் துகளென விடுத்ததனைப் பொன்னென எடுத்துக்கொண்டு, அவர் பொன்னெனக் கொண்டதனை விடுத்தாராவர்.

பெல்ஜிய அறிஞர் 2016-இல் மூன்றென்றதனை 2017-இல் தாமே திருத்தி ஏழென்றனர். தாம் வழுவியதனைத் தாமே எடுத்துரைத்தலை அவர் இழிவெனக் கருதிற்றிலர். பிழைபடக் கொண்ட பாடத்தையும் பொருளையும் பதிப்புத்தோறும் விடாது காத்துவரும் எம்போன்ற புலவர் அவரிடத்துக் கற்கவேண்டுவது கோள்களின் தொகையினும் இதுவே யாமென்று கருதுகின்றாம்.

இனி, இரண்டாம் வினா. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையினின்று இறைவனால் தோற்றுவிக்கப்படுவன என்பதும், அவை உயிர்களின் மலம் பரிபாகம் எய்துதற் பொருட்டென்பதும் நம் துணிபு. வளியும் நீருமின்றி வெந்து கிடக்கும் பாறையுருண்டையில் எவ்வுயிர் எம்மலத்தைப் போக்கும் என்பது வினா. இவ்வினாவை எளிதெனத் தள்ளுதற்கில்லை.

ஆண்டும் நுண்ணுடம்புடைய உயிர்கள் உறையலாம் என ஒருசாரார் விடை கூறுவர். அதனை மறுத்தற்கும் நிறுவுதற்கும் காட்சியும் கருதலும் இல்லை. அக்கோளின் பெயரைச் சுட்டி எழுந்த ஆகம உரையும் இல்லை. ஆகலின் அவ்விடையால் ஐயுற்றார் ஐயம் தீராது.

யாம் கொள்ளும் விடை வேறு. புவனம் உயிர்க்குப் பயன்படுதல் உறையுளாதல் ஒன்றனாலேயன்று. ஞாயிற்றினகத்து மக்கள் எவரும் உறைகின்றிலர். அதனால் ஞாயிறு மக்கட்குப் பயனின்று என்பாரும் இலர். கதிரும் பயிரும் மழையும் அதனான் நிகழ்கின்றன. அன்றியும், அறியப்படுதல்தானும் ஒரு பயனே. காணும் பொருளெல்லாம் காண்பானுக்கு நுகர்ச்சியாய் வந்து அவன் அறிவை விளக்குகின்றன. எவரும் மிதித்தறியாத அச்செம்மீன் ஈண்டுள்ளார் பலர்க்கு வியப்பையும், சிலர்க்கு அச்சத்தையும், எம் மாணவர்க்கு ஒரு நல்வினாவையும் தந்தது. இம்மூன்றும் உயிரின்கண் நிகழ்ந்த நிகழ்ச்சிகளேயன்றோ? ஆகவே அம்மீன் இவ்வுயிர்களின் போகத்துட் புகுந்தது என்பதில் ஐயமில்லை.

அற்றேல், எவராலும் என்றும் அறியப்படாதனவாய்க் கிடக்கும் மீன்களும் கோள்களும் என்பயத்தவோ எனின், உலகத்தொகுதி முழுவதும் உயிர்த்தொகுதியின் பொருட்டு என்பதே நம் நூற்றுணிபு. ஒவ்வோர் உருண்டைக்கும் ஒவ்வொரு பயனை யாம் எடுத்துக்காட்டுதல் வேண்டும் என்பது அத்துணிபினின்றும் பெறப்படாது. நெல் விளைவிப்பான் வைக்கோலையும் உமியையும் உடன் விளைவிக்கின்றான். உமி உண்ணப்படாமை பற்றி உழவு வீணென்பார் இலர். சிற்றறிவினேம் காணாத பயனை இல்லையென்று துணிதற்கு, யாம் எல்லாப் பயனையும் காணவல்லேமாதல் வேண்டும். அத்தகையேம் அல்லேமென்பதனை எவர்க்கும் நிறுவவேண்டுவதில்லை.

அம்மீன் பிறந்ததோர் காலம் உண்டென விண்ணூலார் கூறுவதனையும் ஈண்டுக் கருதல் தகும். இத்தகைய சிறுமீன்கள் பல இலட்சம் கோடி ஆண்டு எரியும் என்ப. எண் எத்துணை நீளினும் தோற்றமுடையது ஒடுக்கமுடையதே. சிவஞான போதத்து முதற்சூத்திரம் உலகை முத்தொழிற்பட்டதெனக் காட்டி, அதனைத் தொழிற்படுத்தும் கருத்தாவை நிறுவிற்று. விண்ணூலார் தோற்றமுடைமையை மட்டும் கூறி அமைவர். கருத்தாவை நிறுவுதல் அவர்தம் நூலின் எல்லைக்குட்பட்டதன்று. அவர் கூறாமையை மறுப்பென்றலும் தவறு, உடன்பாடென்றலும் தவறு.

இனி மூன்றாம் வினாவிற்கு வருவாம். இதுவே உயிர்நிலையானது.

மக்கட்பிறவி எய்துதல் பெருங்கடலைக் கையால் நீந்திக் கரையேறுதலை ஒக்கும் எனச் சித்தியார் கூறிற்று. இவ்வருமை மக்கள் தொகை சிறிதென்பதனாலன்று. மனம், வாக்கு, காயம் மூன்றும் இறைவன் வழிபாட்டிற்கு இயைந்து நிற்றலான் ஆயது. பிற கோள்களில் அறிவுடை உயிர்கள் உளவென ஒருகாலத்து நிறுவப்படினும் இவ்வருமை ஒருசிறிதும் குறையாது. பந்தியில் நூற்றுவர் உண்ணுதலான் எம் பசிக்கு இலையிலிட்ட சோறு சிறுமையுறுமோ? உயிர்கள் எண்ணிறந்தன என்பது தொன்றுதொட்டு நம் கொள்கை. அவை இந்நிலவுலகத்தே மட்டும் உள என்று நம் நூல் எங்கும் வரையறுத்திலது.

பருமை கண்டு நெஞ்சம் தளர்வதேன் என்பதே ஆராயத்தக்கது. மீன் பெரிது, எனினும் அது சடம். தன்னைப் பெரிதென்று தான் அறியாது. பெரிதென்று அறிந்தது இச்சிற்றுடம்பினுள் நின்ற உயிர். அவ்வறிவும் உயிர் தானே ஈட்டியதன்று. காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் செய்து உடனிற்கும் முதல்வனால் ஆயது. அவ்வுடனிலை யின்றேல் தொலைநோக்கியின் ஆடியும் கண்மணியும் ஒன்றுபோற் குருடே. ஆகலின், இத்துணை விரிந்த வெளியில் இறைவன் எம்மை நோக்குவனோ எனத் தளர்ந்தார், அவ்வெளியைத் தமக்குக் காட்டிக்கொண்டு நின்றான் அவனே என்பதனை மறந்தாராவர்.

மற்றொன்று கூறுவாம், மாணவர் இதனைக் கடிந்துரையெனக் கொள்ளற்க. யாம் சிறியேம் என வரும் துயர் இருவகைத்து. அடியார்க்கு அஃது அடிமைத்திறமாய் இனிக்கும். ஏனையோர்க்கு, யானே நடுவினன் என்றிருந்த எண்ணம் முறிந்தமையான் வரும் வலியாய்க் கசக்கும். பின்னது பணிவு போலத் தோன்றினும் ஆணவத்தின் புண்ணே யாம். எம் இளமையில் விண்ணின் விரிவைப் பற்றிய நூலொன்றைப் படித்துப் பல இரவுகள் உறக்கமின்றிக் கிடந்தோம்; அன்று வருந்தியது எம் அன்பன்று, எம் செருக்கென்பதனைப் பல்லாண்டு கழிந்தபின்னரே உணர்ந்தாம். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. வெளியின் பருமையைச் சாரின் ஒன்றுமில்லாததாய்ச் சுருங்கும். முதல்வனைச் சாரின் அவன் நிறைவினுள் அடங்கி நிறையும்.

அருள் அத்துணைத் தொலைவு எங்ஙனம் செல்லுமெனின், செல்லுதல் ஒளிக்கு, அருளுக்கன்று. அம்மீனின் ஒளி எம்மை எய்த ஆண்டு நாற்பது வேண்டும். முதற்கோளை எரிப்பதும் ஏழாங்கோளை உறையவிடுவதும் அவ்வொளி தொலைவால் மெலிதலின் ஆயின. முதல்வனோ உயிரொடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பன். ஞாயிற்றை உவமை கூறும் நம் ஆசிரியர்கள், அது விகாரமின்றி நிற்பத் தாமரை அலர்தலாகிய கூறுபற்றியே கூறினர். தொலைவு பற்றிக் கூறிற்றிலர்.

முடிவாக, கோள் அறியப்பட்ட முறையினின்று யாம் கொள்ளத்தக்கதோர் பொருள் உண்டு. தான் தோன்றாத ஒரு பொருள் ஒளியை மறைத்தலானே அறியப்பட்டது. அறிவே இயல்பாகிய உயிர் எல்லாம் அறியாது சிறிதே அறிகின்றது. கருவிகள் நீங்கின் அச்சிறிதும் இழக்கின்றது. அறிவின்கண் நிகழும் இம்மங்கலாகிய காரியத்தால், மறைப்பதோர் ஆணவம் உண்டெனத் துணிகின்றாம். ஆயின் உவமை இவ்வளவோடு நிற்கும். மீனின் மங்கலை அளப்பார் அதனின் வேறாய்ப் புறத்தே நிற்கின்றனர். எம் அறிவின் மங்கலை யாம் அம்மங்கிய அறிவு கொண்டே அளத்தல் வேண்டும். புறவிருள் பிறபொருளை மறைத்துத் தன்னையேனும் காட்டும். ஆணவவிருள் தன்னையும் காட்டாது எனத் திருவருட்பயன் விளக்கிற்று. ஆகலின், அம்மறைப்பை உணர்த்துதற்குப் புறத்தினின்று வரும் குருமொழி இன்றியமையாததாயிற்று. அக்குருமொழி வருங்காறும் மலத்தைப் பக்குவப்படுத்தி நிற்பதூஉம் மறைப்பாற்றலாகிய திரோதானமே. உபசாரத்தால் மலமென எண்ணப்படினும் அஃது உண்மையில் அருளே.

இறைவன் தோன்றாமையை அவன் நோக்காமை என எண்ணற்க என்பதே மாணவர்க்கு யாம் இறுதியிற் கூறியது. இரவிற் பூசை முடித்தபின் வானை நோக்குக, அஞ்சற்க. கும்பராசியின் அப்பகுதி கண்ணுக்கு வெறுமையாகவே தோன்றும். வெறுமையெனத் தோன்றும் அவ்விடத்தே ஏழு கோள்கள் தாளம் வழுவாது வலம்வருதலையும், அவற்றை இயக்குவான் காண்பார் நெஞ்சத்தே அவர் அறியுமுன்னரே அமர்ந்திருத்தலையும் எண்ணித் திருவைந்தெழுத்தை ஓதுக.

திருச்சிற்றம்பலம்.